காயாத கிண்ணம்

மரம் காயக் காய எடை குறையும். குளிர்காலத்துக்கு விறகு அடுக்குகிற எவருக்கும் இது தெரியும். ஆகையால், பதினோரு வருஷம் அலமாரியில் கிடந்த மரக்கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்தபோது, அதன் அடியில் பென்சிலால் எழுதியிருந்த எடையைத் தாண்டி முள் வெகுதூரம் போய் நின்றதும், ரெய்னோ கங்காஸ் முதலில் தராசின் மேல்தான் சந்தேகப்பட்டார். ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தார். தன்மேல் அச்சடித்திருந்ததைப் பொட்டலம் அப்படியே ஒத்துக்கொண்டது. வெண்ணெய்க் கட்டியை வைத்தார். அதுவும் நாணயமாக நடந்துகொண்டது. கிண்ணம் மட்டும்தான் சொன்ன சொல்லில் நிற்கவில்லை.

பிறகு, லேத்தில் மரம் கடைகிற கடைசல்காரர்கள் செய்வதைச் செய்தார். மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்போம். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். காய்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருநாள் சர்ச்சின் பேஸ்மென்ட்டில் எங்கள் கடைசல் சங்கம் கூடும்போது, தாடிக்காரக் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டைகளைக் கன்னத்தோடு அணைத்துக் கண்ணை மூடியிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் இது வேறு ஏதோ மதம் என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு.

ரெய்னோவும் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தார்.

சில்லென்று இல்லை. ஒன்றும் தெரியாமலும் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் விட்டுத் தூங்குகிறவரின் கன்னத்தோடு கன்னம் வைத்தாற்போல லேசாக வேர்த்து, லேசாக ஒட்டியது. எடுத்தபோது, தோலை விட மனமில்லாததுபோல 'ப்ச்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது.

ஹீட்டருக்கு மேலே இருந்த அலமாரியில் கிடந்ததுதானே, அந்தச் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைக் காலையிலேயே எடுத்து ஜன்னலோரம் வைத்தாயிற்று என்பதையும், ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி கரையோரமெல்லாம் உறைந்து கிடக்கிறது என்பதையும் சொல்லிக்கொள்ளவில்லை. கன்னத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். சட்டையில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல்.

ரெய்னோ மறுபடி லேத் பக்கம் போனது மனைவி கார்லீனுக்காக. கோடையில் அவளுக்கு வயிற்றில் அறுவை நடந்தது. பிறகு மாதக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். நோய் போய்விட்டது என்றார்கள் டாக்டர்கள். போகும்போது அது அவள் நாக்கையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. எதை வாயில் வைத்தாலும் இரும்பைச் சப்புவதுபோல இருக்கிறது என்றாள். சூப் இரும்பு. ரொட்டி இரும்பு. முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவளே பிசைந்து சுட்ட, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்டி, அதுவும் இரும்பு. கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்கு ஓடியது. கிறிஸ்துமஸ் கழிந்து பார்க்கும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாய் போட்டால் பிடுங்கி எறிவேன் என்று கார்லீன் சொல்லியிருந்தாள். கார்லீன் சொன்னால் செய்கிறவள்.

ஒரு நர்ஸ்தான் யோசனை சொன்னாள்: உலோகம் வேண்டாம், மரக்கரண்டியில், மரக்கிண்ணத்தில் கொடுத்துப் பாருங்கள், சிலருக்கு ருசி திரும்புகிறது என்று. கடையில் வாங்கி வந்த கிண்ணத்தை முகர்ந்ததுமே கார்லீனுக்குக் குமட்டிவிட்டது. வார்னிஷ் நாற்றம்.

"நானே கடைஞ்சு தர்றேன்," என்றார் ரெய்னோ.

"நீயா? இன்னும் ஒன்பதரை விரல் பாக்கி இருக்குன்னு தைரியமா?"

"ஒன்பதே முக்கால். டாக்டரே அளந்து சொன்னாரு."

"அந்தக் கால்வாசி விரலுக்கு நான் எத்தன ராத்திரி அழுதேன் தெரியுமா, கிழவா?" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் கால்வாசி விரலின் கதை இது. சுற்றுகிற கிண்ணத்தின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்க்கக்கூடாது என்பது கடைசலில் முதல் நாள் பாடம். முதல் நாள் ரெய்னோ பல்வலி என்று வகுப்புக்கு வரவில்லை. அவர் கடைந்த மூன்றாவது கிண்ணம், அவருடைய இடது மோதிர விரலின் நுனியை நகத்தோடு எடுத்துக்கொண்டது. அதோடு லேத்தின் மேல் போர்வையைப் போர்த்தியவர்தான். பதினோரு வருஷம் போர்வை போர்வையாகவே இருந்தது. இப்போது அதை விலக்கிய கையோடு, அலமாரியில் மடித்த வாயோடு நின்ற காகிதப் பையையும் திறந்துவிட்டார். அரைகுறையாகக் கடைந்த அந்தக் கிண்ணம் இத்தனை வருஷம் காய்ந்து தயாராக இருக்கும், புதுமரம் தேடி அலைய வேண்டாம் என்பது அவர் கணக்கு.

கிண்ணத்தை எடை போட்ட அன்று மத்தியானம் எதிர்வீட்டு டுவெய்ன் பெல்கி பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். சங்கத்தின் செயலாளர். விபத்து நடந்தபோது பக்கத்தில் நின்றவன். மேஜையில் கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா! ஒத்த விரிசல் இல்ல பாத்தியா? யாரு கைவரிசை? ஐயா கைவரிசை!"

"நீ என்னடா பண்ண?"

"நன்றி கெட்டவனே. அன்னிக்கு உன்ன வண்டில ஏத்தி அனுப்பிட்டு, பாவம் கிண்ணம் அப்படியே விட்டா வெடிச்சிருமேன்னு திரும்பி வந்தேன். எட போட்டு எழுதி, கீழ கெடந்த சுருள அள்ளிப் பையில அமுக்கி, நடுவுல கிண்ணத்த வச்சு, வாய மடிச்சு மேல வச்சவன் நான்தான்."

இதுவும் எங்கள் வழக்கம்தான். ஈரமாகக் கடைந்த கிண்ணத்தை அதன் சீவல் சுருளுக்குள்ளேயே புதைத்து வைத்தால் மெல்லக் காயும், வெடிக்காது. நண்பனுக்கு விரல் போனாலும் கிண்ணம் வெடிக்கக்கூடாது என்று நினைப்பவன்தான் உண்மையான கடைசல்காரன்.

ரெய்னோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சுருள் எல்லாத்தயும் அள்ளினியா?"

"எல்லாத்தயும்தான். கொறைஞ்சா வெடிச்சிரும்ல?"

"அன்னிக்கு என் விரல் நுனியத் தேடினீங்களே."

"ஆமா. கார்லீன் டார்ச் அடிச்சா, நான் முட்டி போட்டு லேத்துக்கு அடியில எல்லாம் தொழாவினேன். கெடைக்கல."

"சுருளுக்குள்ள தேடினீங்களா?"

பெல்கி வாயில் பிஸ்கட் இருந்தது. மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. அவன் கிண்ணத்தைப் பார்த்தான். ரெய்னோவின் கையைப் பார்த்தான். பிறகு பிஸ்கட்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான்.

"எலி தின்னுருக்கும்டா," என்றான். "எங்க வீட்டுல எலி சோப்பையே தின்னுது." குல்லாயை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, காபியைப் பாதியில் விட்டுப் போய்விட்டான். பெல்கி காபியைப் பாதியில் விட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ரெய்னோ, லேத் இருந்த தன் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய்ப் பையைத் தரையில் கவிழ்த்தார். பதினோரு வருஷத்துச் சீவல் என்றால் விரலில் நொறுங்கி மாவாக வேண்டும். இது கட்டியாக, ஒரே உருண்டையாக, சாக்கடைத் துவாரத்திலிருந்து இழுத்தெடுத்த மயிர்ப்பந்துபோல விழுந்தது. பிரித்தால் நூல் இழுத்தது. பல நாள் கட்டியிருந்த கட்டுத்துணியை அவிழ்க்கும்போது வருமே, இனிப்பா அழுகலா என்று மூக்குக்குத் தீர்மானிக்க முடியாத ஒரு வாடை, அது எழுந்து வந்து நாக்கின் பின்புறத்தில் உட்கார்ந்தது. ஒரு குச்சியால் இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். நகம் இல்லை. எலும்பு இல்லை. எலிப் புழுக்கையும் இல்லை. கிண்ணம் பதிந்திருந்த குழியைச் சுற்றி மட்டும் சுருள்கள் வெளுத்து, சாரம் உறிஞ்சியெடுத்த கரும்புச் சக்கைபோல இருந்தன.

அப்போதே தூக்கி எறிந்திருக்கலாம். எறிவதற்குத்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். கூடத்தில் சாய்வு நாற்காலியில் கம்பளிக்குள் சுருண்டிருந்த கார்லீன் தலையைத் தூக்கினாள்.

"அது என்ன வாசன?"

"பழைய மரம். வெளியில போடப் போறேன்."

"இங்க குடு."

வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். அவளுக்குக் குமட்டும், இப்போது குமட்டும் என்று ரெய்னோ வாளியைத் தேடினார். கார்லீன் கிண்ணத்துக்குள் மூக்கை நுழைத்து நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள். அந்த அமைதியில் அவள் வயிறு 'கடகட' என்று இரைந்தது. அஞ்சு மாதமாகச் செத்துக் கிடந்த வயிறு. அவளே திடுக்கிட்டுச் சிரித்துவிட்டாள்.

"இரும்பு வாடையே இல்ல, ரெய்னோ. இதுலதான் நான் சாப்பிடுவேன். எப்ப முடிப்ப?"

அப்புறம் எப்படி எறிவது?

எங்கள் பக்கத்தில் டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ரெய்னோ பேஸ்மென்ட்டின் ஒற்றை விளக்கைப் போட்டு, மூலையில் விறகு அடுப்பைப் பற்றவைத்து, கிண்ணத்தின் அடிக்கட்டையை லேத்தின் இரும்புப் பிடியில் பொருத்தி முடுக்கினார். சரியாக இறுகியதா என்று மூன்று தடவை ஆட்டிப் பார்த்தார். அதற்குக் காரணம் பதினோரு வருஷ இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த கிண்ணம் முட்டை வடிவத்துக்குக் கோணிக்கொள்வது வழக்கம். இது கோணவில்லை. விளிம்புதான் ஒரே பக்கமாகத் தடித்து, உள்பக்கம் சற்றே சுருண்டு, எதையோ கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கிற கீழுதடுபோல இருந்தது. அது களைபோல முளைக்கிற ஒரு மேப்பிள் ஜாதி மரம். அறுத்தால் உள்ளே ரத்தச் சிவப்பாகக் கீற்றுகள் ஓடும். அது இயற்கை. அந்தக் கீற்றுகள் அடியிலிருந்து விளிம்புக்குக் கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்து வந்திருந்ததும் இயற்கைதான் என்று எடுத்துக்கொண்டார்.

லேத் ஓடியது. உளியை வைத்தார். காய்ந்த மரம் தூசியாகப் பறக்கும், 'சர்ர்' என்று கத்தும். இது கத்தவில்லை. உளி சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. ஈரமான நீள நாடாக்கள் கிளம்பி வந்து அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வெதுவெதுப்பாகத் தொங்கின. முகக்கவசம் மூச்சில் மங்கியது. கொஞ்சம் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு சாரல் கிளம்பி உதட்டில் தெறித்தது. நாக்கு தன்னிச்சையாக நக்கிவிட்டது.

உப்பு.

சின்க்குக்கு ஓடித் துப்பினார். கொப்பளித்தார். சோப்பு போட்டு உதட்டைத் தேய்த்தார். திரும்பி வந்து உளியை எடுத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. கடைசல்காரன் அஞ்ச வேண்டிய சத்தம் அது. கிண்ணத்தில் விரிசல் இருந்தால் உளி அதன்மேல் ஏறி இறங்கும்போது அப்படித்தான் தட்டும். நிறுத்தாமல் ஓட்டினால் கிண்ணம் வெடித்து முகத்துக்கு வரும். லேத்தை நிறுத்தி விளக்கைக் கிட்டே இழுத்து விளிம்பைத் தடவினார். விரிசல் இல்லை. தடித்த பக்கத்தில், மரத்துக்குள் பாதி புதைந்து, வழவழப்பாக, லேசான மஞ்சளில், பிறைபோல ஒன்று இருந்தது. அதன் அடியில் வெள்ளையாக இன்னொரு சின்னப் பிறை.

அது தன் நகம் என்று அடையாளம் காண ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரெய்னோவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒன்பது நகங்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் கையோடு இருந்தன.

வயிற்றிலிருந்தது தொண்டைக்கு வந்தது. அதை மறுபடி விழுங்கினார். அந்த ருசியும் உப்பாகவே இருந்தது. உளி முனையால் நகத்தை நெம்பி எடுத்து அடுப்பில் போட்டார். பொசுங்கிய வாடை வந்தது. பள்ளத்தில் சிவப்பாக ஊறி நின்றது. துணியால் ஒற்றினார். ஒற்ற ஒற்ற ஊறியது.

"முடிஞ்சிருச்சா?" மேலேயிருந்து கார்லீனின் குரல். பலவீனமான குரல்தான். ஆனால் அதில் ஓர் அவசரம் இருந்தது, அடுப்படியில் தட்டோடு நிற்கிற பிள்ளையின் அவசரம்.

"நாளைக்கு!" என்று கத்தினார்.

மறுநாள் வந்து பார்த்தபோது பள்ளம் மூடியிருந்தது. அதே இடத்தில் புது நகம். நேற்றையதைவிட நீளம்.

அன்று உளியைத் தொடவில்லை. உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, எண்ணெய் பூசி, அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். நகத்தை அரைத்துவிடலாம். மேலே எண்ணெய் பூசினால் தெரியாது. நாலு வாய் சூப் உள்ளே போனால் போதும், கிறிஸ்துமஸ் கழிந்தபின் கிண்ணத்தை ஏரியில் வீசிவிடலாம். இப்படித்தான் அவர் மனசு ஓடியது. லேத்தை மெதுவாக ஓடவிட்டு உப்புத்தாளை வைத்தார். தூசி வரவில்லை. குளிக்கும்போது உடம்பைத் தேய்த்தால் திரளுமே அழுக்கு, அதுபோலச் சாம்பல் நிறத்தில் உருட்டி உருட்டி வந்தது. தாளில் அப்பியது. விரலில் அப்பியது. தேய்க்கத் தேய்க்க, அவருடைய மோதிர விரலின் குறைநுனியில் எரிச்சல் ஏறியது. தாளை எடுத்தால் எரிச்சல் நின்றது. வைத்தால் எரிந்தது.

நிறுத்தினார். கட்டைவிரலால் கிண்ணத்தின் வயிற்றை அழுத்தினார்.

அழுத்திய இடம் வெளுத்தது. விரலை எடுத்தார். மெல்ல, மெல்ல, சிவப்பு திரும்பி வந்தது.

கடைசலில் இன்னொரு வேலை உண்டு. உப்புத்தாள் போட்டபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்போம். அடங்கிக் கிடந்த நார்கள் சிலிர்த்து நிற்கும். காய்ந்ததும் மறுபடி தேய்த்து எடுத்துவிட்டால் அதன் பிறகு எழாது. ரெய்னோவின் கைகள் பழகிய வேலையைத் தாமாகவே செய்தன. துடைத்தன. நார்கள் எழுந்தன. விளக்கொளியில் பார்த்தார். மெல்லிய, வெளிர் பொன்னிற மயிர்கள். வெளிக்கதவின் இடுக்கிலிருந்து பனிக்காற்று வீசியது. கிண்ணத்தின் மேல் முழுவதும் புள்ளி புள்ளியாகப் புல்லரித்தது. அதே காற்று அவர் முன்கையிலும் பட்டது. அங்கேயும் அதே பொன்னிற மயிர். அதே புல்லரிப்பு.

கிண்ணத்திலிருந்து கட்டைவிரலை இழுத்தார். வரவில்லை. எப்போது உள்ளே போனது? விளிம்பு சுருண்டு விரலைக் கவ்வியிருந்தது. பல் இல்லை. பல் இல்லாததுதான் சகிக்கவில்லை. ஈறு. ஈரமான, சூடான ஈறு. அது சப்பியது.

பிடுங்கினார். 'ப்ச்'.

கட்டைவிரல் நுனி வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தது. ரேகை இல்லை.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. இரும்புப் பிடியைத் தளர்த்தினார். கிண்ணத்தின் அடி வீங்கி உள்ளே இறுகியிருந்தது. சுத்தியால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கை வலித்தது. வந்தது. கனமாக வந்தது. இடுக்கியால் தூக்கி, அடுப்பின் கதவைத் திறந்து, கனலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மரம் என்றால் பற்றிக்கொள்ளும். இது பற்றவில்லை. பளபளத்தது. கொப்புளம் எழும்பியது. சொட்டியது. சொட்டு கனலில் விழுந்தபோது 'ஸ்ஸ்' என்றது. அவரிடம் இல்லாத விரல்நுனி சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். சூட்டில் விளிம்பு மெல்ல விரிந்தது. உள்ளே சிவந்து தெரிந்தது. பிறகு பழுப்பாகி முறுகியது.

அப்புறம் வாசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பில் இறைச்சி வேகும் வீட்டின் வாசனை. கொழுப்பு உருகி, ஓரம் முறுகி, உப்பு தூக்கலாக. ரெய்னோ மூக்கைப் பொத்தினார். அதற்குள் வாயில் எச்சில் ஊறிவிட்டது. கன்னங்களின் உட்புறம் இரண்டு பக்கமும் சுரந்து நாக்குக்கடியில் குளமாக நின்றது. அதைத் துப்பினார். மறுபடி ஊறியது.

மேலே பலகை கிறீச்சிட்டது.

படியில் காலடி. ஒன்று. நின்றது. இன்னொன்று. கோடையிலிருந்து கார்லீன் அந்தப் படியில் இறங்கியதில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரவு உடுப்போடு, எலும்பும் கண்ணுமாக வந்து நின்றாள்.

"பெல்கி மான்கறி குடுத்தானா?"

"இல்ல. நீ மேல போ."

"மறைச்சு மறைச்சு நீ மட்டும் திங்கறியா?"

"அது சாப்பிடறது இல்ல, கார்லீன்."

"அஞ்சு மாசமா சாப்பிடு சாப்பிடுன்னு உயிர எடுத்தது யாரு?" அவள் சண்டைக்காகச் சொல்லவில்லை. கண்ணில் நீர் நின்றது. கீழுதட்டில் எச்சில் நின்றது. "பசிக்குது, ரெய்னோ."

அந்தச் சொல்லுக்காக அவர் எத்தனை சூப்பைக் கொட்டியிருக்கிறார். எத்தனை தட்டை மூடியபடியே திருப்பி எடுத்துப் போயிருக்கிறார். அவளுடைய கடிகாரம் முழங்கையில் தொங்கியது. குழாய் நினைவுக்கு வந்தது. அதைப் பிடுங்கி எறியப்போகிற கையும் நினைவுக்கு வந்தது.

இடுக்கியை எடுத்தார்.

கார்லீன் கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, கையாலேயே பிய்த்துத் தின்றாள். நார் நாராக வந்தது. முதல் வாயில் கண்ணை மூடிக்கொண்டாள். "உப்பு சரியா இருக்கு," என்றாள். அடுத்த வாயைப் பிய்த்தாள். அவள் ஒவ்வொரு வாயாகக் கடிக்கும்போதும் ரெய்னோ தன் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. நின்றுபோனால்? அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டால்? அவள் முகவாயில் கொழுப்பு வழிந்தது. கன்னத்தில் நிறம் ஏறியது. மெல்ல, மெல்ல, சிவப்பு திரும்பி வந்தது.

பல்லிடுக்கிலிருந்து எதையோ நிரடி எடுத்தாள். மெல்லிய மஞ்சள் பிறை. மீன் முள்ளை வைப்பதுபோல அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"இன்னும் இருக்கா?"

"தீந்துபோச்சு."

கார்லீன் தட்டை நக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினாள். பிறகு கையை நீட்டி, அவருடைய இடது கையைப் பிடித்து, தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பிடியில் பழைய கார்லீனின் பலம் முழுதும் இருந்தது. கையை விரித்துத் தன் கன்னத்தில் ஒற்றிவைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"வெதுவெதுன்னு இருக்கு," என்றாள்.